வட்டக்கூடத்தின் இரண்டாம் துளை

நினியன் டாட்ஸ் மல்லாந்து படுத்திருந்தான். தான் முடித்த வேலையை அவன் எப்போதும் அப்படித்தான் பார்ப்பான். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கழுத்து வலிக்கத் தொடங்கினால் கண் சோம்பிவிடும் என்பது அவனுடைய கட்சி. ஆகவே வின்லாப் பண்ணையின் புதிய வட்டக்கூடத்து நடுவில், கல் பாவிய தரையில் வைக்கோலைப் பரப்பிக் கைகளைத் தலைக்கு அணையாகக் கொடுத்து, தான் செய்த பெருஞ்சக்கரத்தையும் அதற்கு மேலே குவிந்து நின்ற கூரையையும் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

பார்க்கத் தகுந்த கூரைதான். களஞ்சியத்தின் நெடுஞ்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எட்டுக் கல்தூண்கள் அரைவட்டத்திற்கும் மிகுதியாக வளைந்து நின்றன. தூணுக்கும் தூணுக்கும் இடையில் சுவர் கிடையாது. லாமர்மூர்க் குன்றுகளின் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிக் குதிரைகளின் வியர்வையையும் தூசியையும் அள்ளிக்கொண்டு போகும். தூண்களின் தலையிலிருந்து எழுந்த மரங்கள் உச்சியில் ஒரே புள்ளியில் கூடின. கூரையைத் தாங்குவதற்கென்று நடுவில் ஒரு காலும் இல்லை. நடுவில் நின்றது, சுழல்வதற்காக நின்ற ஓக் மரத்தண்டு ஒன்றே. அதன் தலை ஒற்றைப் பெருவிட்டத்தில் பொருந்தியிருந்தது. அதன் கால் தரைக்கல்லின் குழியில் ஊன்றியிருந்தது. அதன் இடுப்பிலிருந்து நான்கு நுகக்கைகள் நான்கு திசைக்கும் நீண்டன. நுகக்கைகளுக்கு மேலே, ஓர் அறையின் அகலத்தில், பெருஞ்சக்கரம் தொங்கியது. நான்கு குதிரைகள் நுகக்கைகளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் தண்டு சுழலும். தண்டோடு சக்கரம் சுழலும். சக்கரத்தின் மேல்முகத்தில் வரிசையாக அறைந்த ஆப்பிள் மரப்பற்கள், மேலே படுத்திருக்கும் கிடையச்சின் சிறுசக்கரத்தைத் திருப்பும். கிடையச்சு சுவரின் துளை வழியே களஞ்சியத்திற்குள் புகுந்து, அங்கே கதிரடிக்கும் உருளையைச் சுழற்றும். பத்து ஆள் குளிர்காலம் முழுதும் அடிகோலால் அடித்துத் தோள் வீங்கும் வேலையை, நான்கு குதிரைகள் நடையிலேயே முடித்துவிடும். இயந்திரமும் வீடும் இங்கே இரண்டல்ல. வீடு இன்றேல் இயந்திரம் நிற்காது. இயந்திரம் இன்றேல் இப்படியொரு வீட்டை எவரும் கனவிலும் கட்டார்.

இதைத்தான் பண்ணையார் லோகன், அண்டைப் பண்ணையார்களுக்கு அனுப்பிய அழைப்பில் ‘குதிரைக் கொட்டகை’ என்று எழுதியிருந்தார். கொட்டகையாம்! நான்கு கோல் நட்டு ஓலை வேய்ந்ததும் கொட்டகை, இதுவும் கொட்டகையா? கண் இருப்பவர் அச்சொல்லை எழுதும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

தூண்களுக்கு நடுவே ஒரு பருத்த தலை எட்டிப் பார்த்தது. அந்தத் தூண்களைச் செதுக்கி நிறுத்திய கொத்தன் வாட் டிராட்டரின் தலை அது.

“என்னடா, செத்துட்டியா? சொல்லிடு, கல்லு செதுக்க ஆரம்பிச்சுடறேன்.”

“செத்தா உன் கல்லு வேணாம். எழுத்தெல்லாம் கோணலா இருக்கும்” என்றான் நினியன், அசையாமல்.

“கோணலா இருந்தாத்தான் உனக்குப் பொருத்தம். எழுந்திரு. கிடியன் குதிரைங்களப் பூட்டிக்கிட்டிருக்கான்.”

நினியன் உடனே எழவில்லை. பெருஞ்சக்கரத்தின் அடிமுகத்தில் தான் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்த அம்பை இன்னொரு முறை பார்த்தான். சக்கரம் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று காட்டும் அம்பு அது. வலஞ்சுழி; சூரியன் போகும் வழி. அந்த நாட்டில் எதுவும் அந்த வழியேதான் போகும். மணப்பெண்ணைக் கோவிலைச் சுற்றி அப்படித்தான் நடத்துவார்கள். பாடையையும் அப்படித்தான் திருப்புவார்கள். அவனுடைய தாய் ஓட்ஸ் கூழைக்கூட மறுபக்கம் கிண்டியதில்லை. ஆண்டின் முதல் உழவுக்கு முன் ஏர்க்குதிரைகளைச் சூரியனோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கொழுவை மண்ணில் இறக்குவார்கள். அதனால் இந்த இயந்திரத்தை அமைக்கும்போது, உருளையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சக்கரமாகத் திசையைக் கணக்கிட்டுக்கொண்டு வந்து, கடைசியில் இதே இடத்தில் இப்படியே படுத்து, பெருஞ்சக்கரம் வலஞ்சுழியாகச் சுழலும்படி பற்களை மேல்முகத்தில் அறைந்தான். பிறகு அம்பை வரைந்தான்.

இது அவன் தன் பெயரில் எழுப்பிய முதல் கூடம். அதுவரை டன்ஸ் நகரத்துப் பெரிய தச்சரான கார் என்பவரின் பட்டறையில் கூலிக்கு உழைத்தவன். கார் கட்டிய கூடங்கள் எல்லாவற்றிலும் பாதி மூளை நினியனுடையது. பெயர் மட்டும் காருடையது. விடைபெற்றுக்கொண்ட அன்று அவர் புன்னகையோடு, “உன் இடத்தத் தொடச்சு வெச்சிருக்கேன் தம்பி, குளிர் வர்றதுக்குள்ள திரும்பி வந்துடுவ” என்றார். அந்தப் புன்னகைதான் நினியனை ஆண்டு முழுவதும் உறங்கவிடாமல் அரித்தது. நாளை நண்பகலில் அண்டைப் பண்ணையார்கள் வருகிறார்கள். வின்லாக் கூடம் ஒழுங்காக ஓடினால், இனி நினியன் டாட்ஸ் என்றொரு தச்சன் உண்டு. ஓடாவிட்டால், துடைத்து வைத்த அந்த இடம் இருக்கவே இருக்கிறது.

இன்று ஒத்திகை.

கிடியன் ஸ்வான் நான்கு குதிரைகளோடு வந்தான். வின்லாவின் தலைமை உழவன் அவன். நெடியவன், பேச்சுக் குறைந்தவன், குதிரைகளிடம் மட்டும் நிறையப் பேசுபவன். முன்குதிரையாக நின்றது ஜென் என்னும் சாம்பல்நிறப் பெட்டை. கழுத்துப்பட்டைகளை நுகக்கைகளோடு பிணைத்துவிட்டு அவன் கூரையை ஒருமுறை பார்த்தான். பிறகு தூண்களைப் பார்த்தான்.

“நல்லாத்தான் கட்டியிருக்கீங்க” என்றான். கிடியன் வாயிலிருந்து அவ்வளவு வருவதே அரிது. வாட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

சுவருக்கு அப்பால், களஞ்சியத்துக்குள்ளே, உருளைக்குக் கதிர் ஊட்டும் பலகையருகில் எப்பி நின்றாள். கிடியனுடைய மனைவியின் தங்கை; பண்ணையில் அவள் கைக்கும் வாய்க்கும் ஈடு கிடையாது.

“பூட்டியாச்சா? இல்ல, அங்கயே கல்யாணம் பேசிக்கிட்டிருக்கீங்களா?” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“பூட்டியாச்சு, நீ கதிரப் பிடி!” என்றான் நினியன்.

கிடியன் நாக்கைத் தட்டினான். ஜென் நடந்தது. மற்ற மூன்றும் நடந்தன. ஓக் தண்டு ஒருமுறை முனகிவிட்டு, எண்ணெய் குடித்த வழுவழுப்போடு சுழலத் தொடங்கியது. மேலே பெருஞ்சக்கரம் அசைந்தது; ஆப்பிள் மரப்பற்கள் ஒவ்வொன்றாகச் சிறுசக்கரத்தைக் கவ்வித் திருப்பின. கூரையிலிருந்து ஒரு தூசியும் விழவில்லை. விட்டம் ஒரு மயிரிழைகூட அதிரவில்லை.

உள்ளே ஒரு ‘ஐயோ’ கேட்டது. குதிரைகள் நின்றன. சற்று நேரத்தில் எப்பி களஞ்சியக் கதவு வழியாக வெளியே வந்தாள். தலையெல்லாம் வைக்கோல். கையில் ஒரு கதிர்க்கட்டு, அவிழ்ந்து கலைந்து.

“எந்தப் படுபாவி செஞ்ச வேலைடா இது? ஊட்டினா திங்காம மூஞ்சியில துப்புது! குழந்தைகூட ரெண்டு வாய் தின்னுட்டுத்தான் துப்பும்.”

வாட் விழுந்து விழுந்து சிரித்தான். நினியன் சிரிக்கவில்லை. உருளை பின்னோக்கிச் சுழன்றிருக்கிறது. அதனால்தான் ஊட்டும் உருளைகள் கதிரை வெளியே தள்ளின. அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

“கிடியன் அண்ணே, நீங்க குதிரைங்கள மாத்தி நடத்திட்டீங்க. வலமாப் போகணும்.”

“வலமாத்தான் போனேன்.”

“இல்ல அண்ணே. மேல பாருங்க, அம்பு போட்டிருக்கேன்.”

கிடியன் மேலே பார்த்தான். அம்பைப் பார்த்தான். பிறகு ஜென்னைப் பார்த்தான். எப்பி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “அம்பு போட்டியா, அம்பு! அந்த அம்பு காட்டற பக்கமா நீயே நடந்து காட்டு பாப்போம்” என்றாள்.

நினியன் கையை உயர்த்தி அம்பின் நுனிக்கு நேராக விரலை நீட்டினான். விரல் போகும் பக்கமாகவே நடந்தான். முதல் தூணைக் கடந்தான். இரண்டாம் தூணைக் கடந்தான். மூன்றாவது தூணருகில் அவனுடைய நடை தளர்ந்தது. சூரியனோடு நடப்பவனுக்கு நடுத்தண்டு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அவனுக்கு அது இடக்கைப் பக்கம் இருந்தது.

அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

படுத்துக்கொண்டு கீழிருந்து மேலே பார்த்தவனுக்கு வலஞ்சுழி. எழுந்து தரையில் நடப்பவனுக்கு அதுவே இடஞ்சுழி. ஒரு தட்டை மேலிருந்து பார்ப்பதற்கும் கீழிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு, குழந்தைக்கும் விளங்கும். ஆனால் சக்கரத்தின் அடியில் மல்லாந்து கிடந்து வாழ்நாளைக் கழிப்பவனுக்கு மட்டுமே இப்படி ஒரு தவறு வாய்க்கும். கார் பட்டறையில் திசையைப் பற்றி எவரும் அவனைக் கேட்டதில்லை. அவர் சொன்ன பக்கம் பல்லை அறைந்துவிட்டு வந்துவிடுவான். தானே திசையைத் தேர்ந்த முதல் வேலையில், இவ்வளவு அக்கறையோடு தேர்ந்தும், தலைகீழாகத் தேர்ந்துவிட்டான்.

“என்னடா ஆச்சு?” என்றான் வாட், சிரிப்பு அடங்கி.

“படுத்துக்கிட்டுப் பாத்தேன்” என்றான் நினியன்.

அந்நேரத்தில் பண்ணையார் லோகன் வந்துசேர்ந்தார். எடின்பரோவிலிருந்து மாதந்தோறும் வரும் வேளாண்மை இதழ்களை ஒரு வரி விடாமல் படிப்பவர்; அதில் வராத எதையும் நம்பாதவர். நடந்ததைக் கேட்டதும் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

“இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். கிடியன், குதிரைங்களத் திருப்பிப் பூட்டு. மறுபக்கமா நடத்து.”

கிடியன் ஜென்னின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். “அது முடியாதுங்க ஐயா.”

“ஏன் முடியாது?”

“சூரியனுக்கு எதிராக் குதிரையச் சுத்தவிட மாட்டேங்க. என் அப்பா விட்டதில்ல. நானும் விட மாட்டேன். ஏர் ஓட்டச் சொல்லுங்க, இருட்டற வரைக்கும் ஓட்டறேன். எரு அள்ளச் சொல்லுங்க, அள்ளறேன். இது மட்டும் வேண்டாங்க.”

“இதுக்குப் பேர் மூடத்தனம்.”

“இருக்கட்டுங்க ஐயா. என் குதிரைங்களுக்கும் எனக்கும் அது பழகிப்போச்சு.”

அவன் குரலை உயர்த்தவில்லை, தலையையும் தாழ்த்தவில்லை. இத்தகைய மறுப்பை மூடத்தனம் என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது எளிது. ஆனால் கால்சுவடு படிந்த வழியில் நாள் முழுவதும் நடக்கப்போகிறவன் அவன். வெளியே நின்று கைத்தடியால் தட்டுபவர் அல்லர். நடப்பவனுடைய மனம் ஒப்பாத வட்டத்தில் எந்தக் குதிரையும் நெடுநாள் நடவாது. இது எந்த வேளாண்மை இதழிலும் வெளிவந்ததில்லை. அதனால் லோகனுக்குத் தெரியாமல் போயிற்று.

அவர் நினியன் பக்கம் திரும்பினார். “டாட்ஸ், மறுபக்கமாச் சுத்தினா இயந்திரம் சரியா ஓடுமா?”

“ஓடுங்க ஐயா. பிசகே இல்லாம ஓடும்.”

“அப்புறம் என்ன? என் கோச்சு வண்டிக்காரன் கிளாஸ்கோக்காரன். அவனுக்குச் சூரியனும் தெரியாது, சந்திரனும் தெரியாது. நாளைக்கு அவனே குதிரைங்கள நடத்துவான். வர்றவங்க முன்னாடி உன் இயந்திரம் ஜம்முன்னு ஓடும். உனக்கும் நல்ல பேரு, எனக்கும் நல்ல பேரு.”

உண்மைதான். நாளை வரும் பண்ணையார்கள் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கவனிக்கப்போவதில்லை. எவ்வளவு தானியம் விழுகிறது என்றுதான் கவனிப்பார்கள். நினியனுடைய தவறு கிளாஸ்கோக்காரனின் கையில் மறைந்துவிடும். கார் துடைத்து வைத்த இடமும் தூசி படிந்துபோகும். ஆம் என்று ஒரு தலையசைப்புப் போதும்.

நினியன் பெருஞ்சக்கரத்தை அண்ணாந்து பார்த்தான். நின்றுகொண்டே பார்த்தான், கழுத்து வலித்தது. எவ்வளவு அழகான கூடம்! இதில் நாளை ஓர் அந்நியன் குதிரைகளை விரட்டுவான். இந்தப் பண்ணையில் பிறந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பால் போவார்கள். பத்து ஆளின் தோளுக்கு ஓய்வு தரக் கட்டியதை அந்தப் பத்துப் பேரே தொடமாட்டார்கள் என்றால், அது என்ன கூடம்?

“வேண்டாங்க ஐயா” என்றான். “தப்பு கிடியன் மேல இல்ல, என் மேலதான். சக்கரத்த மாத்தணும்.”

லோகனுக்கு முகம் சிவந்தது. “நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்கடா!”

“அவங்க சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஓடும்.”

“ஓடலன்னா?”

“ஓடலன்னா கிளாஸ்கோக்காரனக் கூப்பிடுங்க. தப்பு யாரோடதுன்னு எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க. நான் திரும்பிக் கார் ஐயா பட்டறைக்கே போயிடறேன்.”

லோகன் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “உன் பேரு, உன் பாடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் வாட் அருகில் வந்தான். “அந்தப் பெரிய பூதத்த எறக்கிக் கவுத்துப் போடணுமா? அது வெயிலடிச்சு மழை பேஞ்சு, அடுத்த அறுவடைக்குத்தான் மேல ஏறும்.”

“சக்கரம் அசைய வேணாம்டா. பல்லு எல்லாம் துளைக்குள்ள எறக்கி அறைஞ்சதுதானே? தட்டி எடுத்துட்டு, அடிமுகத்துல அறைஞ்சுட்டாப் போதும். கிடையச்சு சக்கரத்துக்கு மேல இருந்தது கீழ வந்துடும். திசை தானா மாறிடும்.”

“அட, அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.” நினியன் தயங்கினான். “களஞ்சியத்துல இருக்கற முனை இருந்த எடத்துலயே இருக்கும். இந்த முனைதான் எறங்கும். அச்சு கொஞ்சம் சரிஞ்சு ஓடும், அதனால கெடுதல் இல்ல. ஆனா சுவத்துல...”

வாட்டுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவன் சுவரைப் பார்த்தான். கிடையச்சு நுழையும் துளையை அவன் நான்கு கல்லால் கோத்துச் செதுக்கியிருந்தான். விளிம்பை உளியால் இழைத்து, மூலையில் சிறு வளைவு கொடுத்து, எவரும் பார்க்கப்போகாத அந்த உயரத்தில் ஒரு சன்னலைப்போல் அழகுபடுத்தியிருந்தான்.

“என் துளைய ஒடைக்கச் சொல்றியா?”

“ஒடைக்க வேணாம். அதுக்குக் கீழ இன்னொண்ணு போடு.”

“கீழ இன்னொண்ணா? டேய், சுவருன்னா உனக்கு என்ன, பாலாடைக்கட்டியா? நீ படுத்துக்கிட்டுக் கனவு கண்டதுக்கு நான் சுவத்தக் குத்தணுமா? கார் ஐயா உன்னைத் தொரத்தினதுல தப்பே இல்ல!”

“அவர் தொரத்தல, நானே வந்தேன்.”

“அப்போ அவரு புத்திசாலி, நீ இன்னும் பெரிய முட்டாள்!”

ஏசிக்கொண்டே வாட் ஏணியைச் சுவரில் சாத்தினான். ஏசிக்கொண்டே உளியைத் தேடினான். அந்தி சாயும்வரை சுவரைக் குத்தும் ஓசைக்கு ஊடே நினியனின் குடும்பத்தில் எவரையும் அவன் விட்டுவைக்கவில்லை. நினியன் தூண்களுக்கு நடுவே பலகைகளை அடுக்கி மேலேறி, பற்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து மரச்சுத்தியால் தட்டி வெளியே எடுத்தான். எந்தப் பல் எந்தத் துளைக்கு உரியதோ அந்தத் துளைக்குத்தான் போக வேண்டும், மாறினால் பொருந்தாது. கீழே எப்பி ஒவ்வொன்றையும் இடுப்பில் கட்டிய முன்துணியில் ஏந்தி, அதனதன் துளைக்கு நேர்கீழே தரையில் வட்டமாக அடுக்கிக்கொண்டு வந்தாள்.

“எப்பி, எந்தப் பக்கமா அடுக்கற?” என்று மேலிருந்து கேட்டான் நினியன்.

“எந்தப் பக்கமா அடுக்குவேன்? உன்னை மாதிரி மல்லாந்து படுத்துக்கிட்டா அடுக்கறேன்?”

கிடியன் உழவர்களைக் கூட்டிவந்தான். கயிறு கட்டிக் கிடையச்சை இறக்கினார்கள். அது இறங்கும்போது பெருவிட்டத்தில் கயிறு கிறீச்சிட்டது. எல்லாருடைய முகமும் மேலே போயிற்று. விட்டம் அசையவில்லை. “நல்ல மரம்” என்றான் கிடியன், தன் இரண்டாவது பாராட்டாக.

இருட்டியதும் நிறுத்திவிட்டு, விடிந்ததும் மறுபடி ஏறினார்கள். நண்பகலுக்குள் பற்கள் அனைத்தும் அடிமுகத்தில் அமர்ந்துவிட்டன. ஆனால் கிடையச்சின் முனை அமரும் கல்தான் ஆடியது. பண்ணைவீட்டிலிருந்து ஆட்டிறைச்சிச் சூப்பின் மணம் வந்தது. விருந்தாளிகள் சாப்பிடுகிறார்கள் என்று பொருள். வாட் ஓர் ஆப்பை அறைந்தான், கல் ஆடியது. இன்னொன்றை அறைந்தான், மீண்டும் ஆடியது. கிளாஸ்கோ வண்டிக்காரன் கையைப் பிசைந்துகொண்டு தூணருகில் வந்து நின்றான்.

“நான் எந்தப் பக்கம் நடத்தணும்?” என்றான்.

“நீ உன் வண்டிக்கு நட” என்றாள் எப்பி.

பண்ணைவீட்டுக் கதவு திறந்தது. லோகனும் மூன்று பண்ணையார்களும் பேசிக்கொண்டே முற்றத்தில் இறங்கினார்கள். வாட் கீழே எறிந்த கல்துண்டுகளில் ஒன்றைப் பொறுக்கித் தரச்சொன்னான். அதை உளியால் இருமுறை கொத்தி, இடுக்கில் நுழைத்து, முழுவலிமையோடு அறைந்தான். கல் நின்றது. அவன் அதன்மேல் தன் முழு எடையோடு சாய்ந்து பார்த்தான், அசைவில்லை. “போ, போ, போ!” என்று ஏணியிலிருந்தே கத்தினான்.

கிடியன் ஜென்னைப் பூட்டினான். சூரியனோடு ஒரு முழுச்சுற்று அதைத் தனியே நடத்திக் கொண்டுவந்துதான் பூட்டினான்; அவசரத்திலும் அதை அவன் விடவில்லை. பிறகு நாக்கைத் தட்டினான்.

தண்டு முனகியது. நடுத்தண்டு அவனுக்கு வலக்கைப் பக்கம் இருந்தது. பெருஞ்சக்கரம் சுழன்றது, அடிமுகத்துப் பற்கள் சரிந்து கிடந்த அச்சின் சிறுசக்கரத்தைக் கவ்வின. ஒரு கணம் கரகரத்தது. பிறகு அந்தக் கரகரப்பு ஒரு சீரான உறுமலாக மாறி, சுவருக்கு அப்பால் உருளையின் ரீங்காரத்தோடு கலந்தது.

“திங்குது!” என்று களஞ்சியத்திலிருந்து எப்பி கூவினாள். “கேட்டுக் கேட்டுத் திங்குது! இன்னும் கொண்டாங்க!”

பண்ணையார்கள் உள்ளே போய்த் தானியம் கொட்டுவதைப் பார்த்தார்கள். கையில் அள்ளிப் பார்த்தார்கள். மறுபடி வெளியே வந்து கூடத்தில் நின்றார்கள். குதிரைகள் நடந்துகொண்டேயிருந்தன, குளம்படியும் பல்லொலியும் அந்தக் கூம்பின் உள்ளே ஏறி, தூண்களின் ஊடாகக் குன்றுகளை நோக்கிப் போயின. அவர்களுள் வயதில் மூத்தவர், ஹெப்பர்ன் என்னும் பருத்த மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“லோகன், இதையா நீங்க கொட்டகைன்னு எழுதினீங்க?”

ஹெப்பர்னின் பார்வை சுவரில் வந்து நின்றது. “அது என்ன, அச்சு போற துளைக்கு மேல இன்னொரு துளை? சன்னலா?”

லோகன் நினியனைப் பார்த்தார். சொல்லலாம் என்று நினியனே உரிமை தந்திருந்தான். எனினும் அவர் வாயைத் திறக்கவில்லை. வாட் அவசரமாக, “அது கூடம் மூச்சு விடறதுக்குங்க ஐயா” என்றான்.

“இல்லீங்க” என்றான் நினியன். “அது என் தப்பு. சக்கரத்தப் படுத்துக்கிட்டுப் பாத்து, திசைய மாத்தி வெச்சுட்டேன். குதிரைங்க சூரியனுக்கு எதிரா நடக்கும்படி ஆயிடுச்சு. கிடியன் ஒத்துக்கல. அதனால நேத்து ராத்திரியும் இன்னைக்குக் காலையிலயும் மாத்தினோம்.”

“நேத்து ராத்திரி இல்ல, இருட்டினதுமே நிறுத்திட்டோம்” என்று திருத்தினான் கிடியன்.

ஹெப்பர்ன் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. மற்ற இருவரும் அவரை வியப்போடு பார்த்தார்கள்.

“என் பண்ணையில இருக்கற கூடம் போன வருஷம் கட்டினது. யார் கட்டினதுன்னு சொல்ல மாட்டேன். அது எதிர்ச்சுத்து. என் ஆளுங்க ஒருத்தனும் அதுக்குப் பக்கத்துல வர மாட்டான். டன்ஸ்லேருந்து நாலு வெட்டிப்பயலுங்களப் பிடிச்சு ஓட்டறேன். ஒவ்வொரு வாரமும் ஒருத்தன் ஓடிடறான், ஒரு குதிரை நொண்டுது. கட்டினவர்கிட்ட சொன்னேன். ‘உங்க ஆளுங்க மூடருங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நினியனைப் பார்த்தார். “தம்பி, என் சுவத்துலயும் அப்படி ஒரு ஓட்டை போட்டுத் தருவியா?”

நினியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அது யார் கட்டிய கூடம் என்பதும் அதன் பற்களை அறைந்த கை எது என்பதும் சேர்ந்தே விளங்கின. அங்கே கார் சொன்ன பக்கம் அறைந்துவிட்டு வந்தவன் அவன்தான்.

“போட்டுத் தரேங்க. அந்தப் பல்லு ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்.”

“எங்க ஊர்லயும் புதுசா ஒண்ணு வேணும்” என்றார் இன்னொருவர். “ஒரே துளையோட முடிஞ்சா நல்லது.”

அன்று தொடங்கி அந்த வட்டாரத்தில் அவனை எவரும் டாட்ஸ் என்று அழைக்கவில்லை. இரட்டைத்துளையார் என்றே அழைத்தார்கள். கார் பட்டறையிலும் அப்படித்தான் சொன்னார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டான். அங்கே யாரும் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு லோகன் மேல்துளையைச் சுட்டிக்காட்டி, “அதக் கல்லு வெச்சு மூடிடுங்க” என்றார்.

“மூட மாட்டேங்க” என்றான் வாட். “இந்தப் பண்ணையிலயே நல்லாச் செதுக்கின கல்லு அதுதான். கீழ இருக்கறத அவசரத்துல குத்தினேன், அதப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு. மேல இருக்கறதாவது தெரியட்டும்.”

லோகன் மேல்துளையைப் பார்த்தார். கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “சரி, இருக்கட்டும்” என்றார்.

குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு கிடியன் போனான். கூடத்தில் வெளிச்சம் சாய்ந்து தூண்களின் நிழல்கள் தரையில் நீண்டன. நினியன் பழைய வழக்கம்போல் வைக்கோலைக் காலால் ஒதுக்கி, படுப்பதற்குக் குனிந்தான்.

“எழுந்திரு!” என்றாள் எப்பி, களஞ்சியக் கதவில் நின்று, தலையிலிருந்த பதரைத் தட்டிக்கொண்டே. “படுத்துப் பாத்ததெல்லாம் போதும்.”

அவன் நிமிர்ந்தான். நுகக்கை ஒன்றின் முனையில் கை வைத்தான். மரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. குதிரைகள் நடந்த வழியிலேயே, நடுத்தண்டு வலக்கைப் பக்கம் இருக்க, கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தான். கழுத்து வலித்தது, அவன் பார்ப்பதை நிறுத்தவில்லை.